கிழக்கே நின்ற கண்கள்

செங்குடை மலையின் மேற்கு அடிவாரத்தில் இருக்கும் தொட்டிப்பாளையத்தை நோக்கி இறங்கும்போது, ஆனி மாதத்து ஒரு வியாழக்கிழமை காலையில், மயிலாத்தா பஸ்ஸின் டிரைவர் பொன்னுரங்கத்தின் இரண்டு கண்களும் மலையைப் பார்த்தபடியே நின்றுவிட்டன. ஊரில் யாருக்கும் அது பெரிய ஆச்சரியமாகப் படவில்லை. இருபத்திரண்டு வருடம் முப்பத்தெட்டு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிய கண்கள் ஒருநாள் மலையை விட்டு வர மாட்டேன் என்று அடம் பிடித்தால் அதில் என்ன அதிசயம் என்று பேசிக்கொண்டார்கள்.

நடந்தது இதுதான். சந்தைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. இருபத்தேழாவது வளைவில் மூடுபனி கஞ்சிப்பானை கவிழ்ந்தது போலக் கொட்டிக் கிடந்தது. பொன்னுரங்கம் ஹார்ன் அடித்தபடி திரும்பியபோது, எட்டடி தூரத்தில், பனிக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் மஞ்சள் துணி சுற்றிய ஒரு மூட்டை. அவள் கண்ணும் இவர் கண்ணும் ஒரு மூச்சு நேரம் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டன. அவர் வண்டியை ஒடித்தார். முன்சக்கரம் பள்ளத்து ஓரக்கல்லில் ஏறி நின்றது, பஸ்ஸுக்குள் இருந்த முப்பத்தொன்பது பேரும் ஒரே வாயால் கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே, மஞ்சள் மூட்டை மட்டும் பள்ளத்தில் உருண்டு போவதை அவர் பார்த்தார்.

கீழே இறங்கி ஓடிப் பார்த்தபோது பெண்ணும் இல்லை, மூட்டையும் இல்லை. பனியும், அசைந்து அடங்கும் புதர்களும்தான். கண்டக்டர் பூபதி பின்னால் ஓடிவந்து, "என்னங்கண்ணா, மாடு கீடு குறுக்க வந்துச்சா?" என்று கேட்டான். பொன்னுரங்கத்தின் வாய் "பனிப்பா" என்று சொன்னது. அந்த ஒரு சொல்லை அவர் யோசித்துச் சொல்லவில்லை, ஆனால் சொன்னபின் அதைத் திரும்ப எடுக்கவும் அவரால் முடியவில்லை. மறுபடி சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது கண்கள் சாலைக்குத் திரும்ப மறுத்தன. பயணிகளில் ஒருவராக இருந்த பழைய லாரி டிரைவர்தான் மிச்சம் இருந்த வளைவுகளை ஓட்டி பஸ்ஸை ஊர் சேர்த்தார்.

அன்றிலிருந்து பொன்னுரங்கம் எங்கே நின்றாலும், எப்படி உட்கார்ந்தாலும், கருவிழிகள் இரண்டும் மலைமேல் ஏதோ ஓர் இடத்தையே குறிவைத்து நின்றன. தலையைத் திருப்பினால் அவை கண்ணின் ஓரத்துக்கு ஓடின. முதுகைத் திருப்பினால் வெள்ளை மட்டும் தெரிய, கழுத்து தானாக வளைந்து, அதன் பின்னால் தோளும், தோளின் பின்னால் இடுப்பும் திரும்பி, கடைசியில் கால்களும் வந்து கிழக்கு முகமாகச் சேர்ந்துகொண்டன. மேல் இமைகள் தூக்கியபடியே இருந்தன, மூடவே இல்லை. ஊர் உறங்கும் நேரத்திலும் அவர் விழித்த கண்ணோடு கட்டிலில் கிடந்தார். அவர் மனைவி தெய்வானை நனைத்த பருத்தித் துணியை அந்தக் கண்கள் மேல் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கண் டாக்டர் ஷாஹிதா பேட்டரி விளக்கை அடித்துப் பார்த்தார். ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் தன் நாற்காலியைத் தூக்கி அவருக்குக் கிழக்கே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பொன்னுரங்கம், ஒவ்வொரு கண்ணையும் அசைக்க ஆறு தசை இருக்கு. கடிவாளம் மாதிரின்னு வெச்சுக்குங்க. நாம பயந்தா, சிறுநீரகத்து மேல ஒட்டிட்டிருக்கற சின்னச் சுரப்பியில இருந்து அட்ரினலின்னு ஒண்ணு ரத்தத்துல இறங்கும். நெஞ்சு அடிச்சுக்கும், கண்பாப்பா விரியும், மேல் இமை தூக்கிக்கும். இந்த ஆறு தசையும்கூட லேசா இறுகும்னு, மிருகங்களை வெச்சு சோதிச்சதா எப்பவோ படிச்ச ஞாபகம். ஆனா இப்படி இழுத்துக் கட்டி வெக்கும்னு எந்தப் புஸ்தகத்துலயும் இல்லை."

"இது எப்ப சரியாகுங்க டாக்டரம்மா?" என்றாள் தெய்வானை.

"சில நிமிஷத்துல வடிஞ்சிருக்கணும். இவருக்கு வடியல. இவர் ரத்தத்துல இன்னும் அந்த முதல் நிமிஷமே ஓடிட்டிருக்கு." டாக்டர் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "எதைப் பார்த்துப் பயந்தீங்க?"

"பனிங்க," என்றார் பொன்னுரங்கம்.

டாக்டர் கண் காய்ந்துபோகாமல் இருக்கச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

ஊர் அவருக்காக இடம் மாறத் தொடங்கியது. அவரோடு பேச வேண்டும் என்றால் அவருக்கும் மலைக்கும் நடுவே நிற்க வேண்டும் என்பது தெரிந்ததும், தெய்வானை முதலில் அடுப்பைத் தூக்கிக் கிழக்குச் சுவரோரம் வைத்தாள், பிறகு டி.வி.யை, பிறகு சாமி படங்களை. டீக்கடைக்காரர் பெஞ்சைத் திருப்பிப் போட்டார். முடிதிருத்தும் கடையில் ஒரு நாற்காலியும் ஒரு கண்ணாடியும் திசை மாறின. அவர் தெருவில் வந்தால் எதிரே வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு போய்க் கிழக்கே நின்று வணக்கம் சொன்னார்கள். அவரைப் பார்க்க வருகிற கூட்டம் எப்போதும் அந்தப் பக்கமே நிற்பதால், பூ விற்கிறவளும் சுண்டல் வண்டிக்காரரும் தங்கள் கடைகளைக் கிழக்கு ஓரத்துக்கு நகர்த்தினார்கள். பத்து நாளைக்குள் மேற்கு ஓரத்தில் புல் முளைத்துவிட்டது. காலையில் வெயில் நேராக அவர் கண்ணில் விழுகிறதே என்று தெய்வானை ஒரு கல்யாணப் பத்திரிகையை மடித்து நெற்றிக்குக் கூரை கட்டிவிட்டாள். அதைப் பார்த்துத் தெருப்பிள்ளைகளும் ஆளுக்கொரு பத்திரிகையைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

பஸ் முதலாளி வீட்டுக்கு வந்து, நல்லெண்ணத்தோடுதான், "கண்ணு மலையைத்தானே பார்க்குது பொன்னுரங்கம்? ஏத்தத்துக்கு நீ ஓட்டு, இறக்கத்துக்கு வேற ஆள் போட்டுக்கறேன்" என்றார்.

"முதலாளி, மலைக்குப் போற ரோடு பாதி நேரம் மலைக்கு முதுகைக் காட்டித்தானுங்க போகுது," என்றான் பூபதி. முதலாளி கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம் என்று ஒப்புக்கொண்டு, வந்ததற்கு ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார்.

சிலர் அது மலைக்காவல் சாமியைப் பார்க்கும் பார்வை என்றார்கள். அவருக்கு முன்னால் சூடம் ஏற்றப் பார்த்தார்கள். தெய்வானை விளக்குமாற்றோடு வெளியே வந்ததும் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். கொத்தனார் கந்தவேல்தான் அந்தக் கண்களுக்கு முறையான ஓர் உபயோகம் கண்டுபிடித்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டிக்கொண்டிருந்த அவர், இழுக்கிற நூல் ஏன் தினம் ஒரு பக்கம் சாய்கிறது என்று நொந்துபோயிருந்தார். பொன்னுரங்கத்தைச் சுவரின் மூலையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவர் பார்வை போகிற வழியில் நூலைப் பிடித்துக் கட்டினார். சுவர் மயிரிழை பிசகாமல் எழுந்தது. அதன்பின் வேலி போடுகிறவர்கள், வாய்க்கால் வெட்டுகிறவர்கள், கோலத்துக்குப் புள்ளி வைக்கிறவர்கள்கூட அவரைத் தேடி வந்தார்கள். அவரும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் உட்கார்ந்தார்.

ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்பது யாருக்கும் தெரியாது. அந்தக் கண்கள் இருபத்தேழாவது வளைவைத்தான் பார்க்கின்றன, வளைவுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தைப் பார்க்கின்றன, பள்ளத்துக்குள் மஞ்சள் துணியில் கிடக்கும் ஒரு குழந்தையைப் பார்க்கின்றன என்று அவர் உறுதியாக நம்பினார். வேலி போட்டு முடித்தவர்கள் கும்பிட்டுப் போகும்போதெல்லாம் அவர் கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

பதினெட்டாம் நாள் காலையில் கந்தவேல் கோபமாக வந்து வாசலில் நின்றார். நின்ற வேகத்தில் மேற்கே நின்றுவிட்டதால், சுற்றிக்கொண்டு கிழக்கே போய் மறுபடி கோபப்பட்டார்.

"ஏனுங்கண்ணா, என்ன வேலை பண்ணி வெச்சிருக்கீங்க? நேத்து மத்தியானம் வரைக்கும் நேரா வந்த சுவரு, அதுக்கப்புறம் ஒன்றரை அடி தெக்கால ஒடிஞ்சு நிக்குது. ஹெட்மாஸ்டர் என்னைக் குடிகாரன்ங்கறாரு!"

"நான் நாற்காலியை விட்டு எந்திரிக்கவே இல்லையேப்பா," என்றார் பொன்னுரங்கம்.

"நீங்க எந்திரிக்கல. உங்க கண்ணு நகந்திருக்குது."

பொன்னுரங்கத்தின் கையில் இருந்த காபி டம்ளர் கீழே விழுந்தது. கந்தவேல் தான் கத்தியதால்தான் என்று நினைத்து, "பரவால்லீங்கண்ணா, ஒன்றரை அடிதானே, இடிச்சுக் கட்டிக்கறேன்" என்று தணிந்தார். தெய்வானை அவரைக் கையமர்த்திவிட்டு, கணவரின் முகத்துக்கு நேராக வந்து மண்டியிட்டு உட்கார்ந்தாள். மூடாத அந்தக் கண்களிலிருந்து, பதினெட்டு நாளாகச் சொட்டு மருந்து மட்டுமே வழிந்துகொண்டிருந்த இடத்தில், சூடாக வேறொன்று வழிந்தது.

"ஏனுங்க, என்ன பார்த்தீங்க?"

அவர் சொன்னார். பெண்ணை, இடுப்பை, மஞ்சள் துணியை, உருண்டதை, பூபதியிடம் 'பனி' என்று சொன்னதை, எல்லாவற்றையும் சொன்னார். "அன்னிக்கே சொல்லியிருந்தா ஆளுங்க பள்ளத்துல இறங்கித் தேடியிருப்பாங்க, தெய்வானை. ஒருவேளை அங்க உசுரோட கிடந்திருந்தா? ரெண்டு நாள், மூணு நாள் அழுதிருந்தா? அதைத்தான் ராவும் பகலும் பார்த்துட்டே இருக்கறேன்."

தெய்வானைக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் ஒரே நேரத்தில் இருந்தது. "இதையா வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு நான் போட்ட சோத்தைத் தின்னுட்டு இருந்தீங்க?" என்றாள். பிறகு திடீரென்று நிமிர்ந்து கந்தவேலைப் பார்த்தாள். "ஒன்றரை அடி நகந்துச்சுன்னீங்களே, நெசந்தானா?"

"நூலு பொய் சொல்லாதுங்கக்கா."

"அப்ப இவரு பள்ளத்தைப் பார்க்கல. பள்ளம் எங்கீங்க நகரும்? செத்தவங்க நடப்பாங்களா? இவரு பார்க்கறது உசுரோட இருக்குது, எங்கேயோ நடந்து போயிட்டிருக்குது!"

பொன்னுரங்கத்துக்கு மூச்சு ஒரு பாதி வந்தது. மறு பாதி வரவில்லை. "பொம்பள நடக்கறா, சரி," என்றார். "புள்ள?"

"போய்க் கேட்போம்," என்றாள் தெய்வானை.

மறுநாள் காலை, மணல் ஏற்றுகிற தன் குட்டியானை வண்டியைக் கழுவித் துடைத்து, பின்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்து நின்றார் கந்தவேல். பூபதி லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். பொன்னுரங்கம் நாற்காலியில் உட்கார, தெய்வானை அவர் முழங்காலைப் பிடித்துக்கொள்ள, வண்டி மலை ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒரு பக்கம் திரும்ப, அவர் கண்கள் மறு பக்கம் திரும்பின. பூபதி டிரைவர் கேபினின் கூரையைத் தட்டி, "அண்ணன் கண்ணு இப்ப இடது கைப் பக்கங்க... இப்ப நேரா..." என்று சொல்லிக்கொண்டே வந்தான். இருபத்தேழாவது வளைவு வந்தது. பொன்னுரங்கம் பல்லைக் கடித்துக்கொண்டார். கண்கள் பள்ளத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவை மேலே, வெகு மேலே, மிளகுக்கொடி சுற்றிய மரங்களுக்கும் அப்பால் பார்த்துக்கொண்டிருந்தன.

மூங்கிலடி என்கிற குடியிருப்புக்கு அரை மைல் முன்னாலேயே தார்ச்சாலை முடிந்துவிட்டது. இறங்கி நடந்தார்கள். அன்னாசித் தோட்டத்தைத் தாண்டி வீடுகள் தெரிய ஆரம்பித்ததும் பொன்னுரங்கம் நின்றுவிட்டார்.

"வேண்டாம் தெய்வானை. திரும்பிப் போயிடலாம். இந்தக் கண்ணோடயே இருந்துட்டுப் போறேன். ஒரு தாயி முன்னால போய் நிக்க என்னால ஆகாது."

"உங்களால ஆகாதுன்னா நான் கேக்கறேன். நீங்க நின்னாப் போதும்," என்றாள் தெய்வானை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நடந்தவள் சட்டென்று வேகம் குறைத்து ஊரைச் சுற்றிப் பார்த்தாள். அங்கே ஒவ்வொரு வீட்டிலும் முக்காலி, உரல், கயிற்றுக்கட்டில் எல்லாம் ஒரே பக்கமாக, மேற்குப் பக்கமாக நகர்த்திப் போடப்பட்டிருந்தன. ஊர் ஆட்கள் எல்லோரும் ஒரு முற்றத்தின் மேற்கு ஓரத்திலேயே நெருக்கியடித்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"பூபதி," என்றாள் மெதுவாக, "இங்கேயும் ஒருத்தருக்கு அதேதான்."

கூட்டம் விலகியது. முற்றத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள், இருபத்தைந்து வயது இருக்கும். இமை தூக்கி, கண்பாப்பா விரிந்து, அசையாத இரண்டு கண்களால் அவள் பொன்னுரங்கத்தைப் பார்த்தாள். அவள் பெயர் வெள்ளச்சி. காலையிலிருந்து தன் கண்கள் வளைந்து வளைந்து திரும்புவதை வைத்து, யாரோ மலையேறி வருகிறார்கள் என்று அவள் ஊருக்கே சொல்லிவிட்டிருந்தாள். வைத்தியம் பார்க்க அவள் புருஷன் தெற்கே இருந்த இன்னொரு குடியிருப்புக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய், முந்தாநாள் மத்தியானம் முழுவதும் அங்கே வைத்திருந்ததும் பிறகுதான் தெரிந்தது. பள்ளிக்கூடச் சுவர் ஒன்றரை அடி ஒடிந்தது அதனால்தான்.

இருவருடைய பார்வையும் நடுவில் ஒரு கயிறு கட்டியதைப் போல நின்றது. முதலில் பேசியது அவள்.

"நீங்க உசுரோடவா இருக்கீங்க?"

பொன்னுரங்கத்துக்குப் புரியவில்லை.

"பஸ்ஸு சாஞ்சுச்சு, எல்லாரும் கத்தினாங்க, அப்புறம் பனி மூடிக்கிச்சு. நான் ஓடி வந்துட்டேன். பஸ்ஸு விழலைன்னு எங்க வீட்டுக்காரரு கீழ போய் விசாரிச்சுட்டு வந்து சொன்னாரு. என்னைச் சமாதானப்படுத்தச் சொல்றாருன்னுதான் நெனச்சேன். நான் குறுக்க வரலைன்னா இத்தனை பேரும்..." அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள். "மத்தவங்கல்லாம்? உள்ள இருந்தவங்க?"

பூபதி முன்னால் வந்தான். "நான் கண்டக்டருங்கம்மா. முப்பத்தொன்பது டிக்கெட்டு. முப்பத்தொன்பது பேரையும் சந்தை வாசல்ல நானே இறக்கி விட்டேன். டீச்சரம்மா, அவங்க மாமியாரு, ரெண்டு சேவலு வெச்சிருந்த பெரியவரு, கைக்குழந்தையோட வந்த தச்சர் சம்சாரம். முன் சீட்டுல ஒரு அம்மாவுக்கு வாந்தி வந்துச்சு, அது அந்தம்மாவுக்கு எல்லா நாளும் வர்றதுதான். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லீங்க."

வெள்ளச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அழுது முடிக்கட்டும் என்று தெய்வானை காத்திருந்தாள். பிறகு கணவரின் முதுகில் கையை வைத்தாள். கேட்க வேண்டியதை அவரே கேட்டார்.

"புள்ள எங்கம்மா?"

"எந்தப் புள்ளைங்க?"

"உன் இடுப்புல இருந்துச்சே. மஞ்சத் துணியில சுத்தி. பள்ளத்துல... நான் பார்த்தேன், உருண்டு..."

வெள்ளச்சி புரியாமல் விழித்தாள். அவள் புருஷனும் விழித்தான். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டார்கள்.

"ஐயோ சாமி!" என்றாள். "அது பலாப்பழம்ங்க! சந்தைக்குக் கொண்டுட்டு வந்தேன். முள்ளு குத்தக்கூடாதுன்னு பழைய சீலையைச் சுத்தியிருந்தேன்."

"பலாப்பழமா?"

"பலாப்பழந்தானுங்க. மறுநாளே இவரு இறங்கிப் பார்த்தாரு. பாறையில மோதி வெடிச்சுக் கிடந்துச்சாம். பாதியைக் குரங்கு தின்னுடுச்சு. சீலையை மட்டும் எடுத்துட்டு வந்தாரு. அதோ, தொவச்சுக் காயப் போட்டிருக்குது பாருங்க!"

அவள் கை நீட்டிய திசையில் கொடியில் ஒரு மஞ்சள் சீலை ஆடிக்கொண்டிருந்தது. பொன்னுரங்கம் திரும்பி அதைப் பார்த்தார்.

திரும்பிப் பார்த்ததை அவர் உணரவில்லை. தெய்வானைதான் உணர்ந்தாள். அந்தக் கருவிழிகள் வெள்ளச்சியை விட்டு இடம் பெயர்ந்து, கொடியில் நின்று, சீலையின் ஓரம் முழுக்க ஓடி, மேலே வானத்துக்குப் போய், கீழே ஒரு கோழிக்குப் போய், கோழியிடமிருந்து பூபதிக்கு வந்து, கடைசியில் அவளிடம் வந்து சேர்ந்தன. தெய்வானை அப்போது அவருக்கு மேற்கே நின்றிருந்தாள்.

"பலாப்பழம் தெய்வானை," என்றார். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை, பிறகு இரண்டும் சேர்ந்து வந்தன. உடம்பு முழுக்க நடுங்கி, சட்டை பிழிகிற அளவுக்கு வேர்த்து, கால்கள் மடங்கி அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பத்தொன்பது நாள் ரத்தத்தில் நின்றிருந்த முதல் நிமிஷம் இரண்டாவது நிமிஷமானது, மூன்றாவதானது. எதிரே வெள்ளச்சியின் இமைகள் தாழ்ந்துகொண்டிருந்தன. "எனக்குத் தூக்கம் வருது" என்று அவள் குழந்தையைப் போலச் சொன்னாள், சொன்ன இடத்திலேயே புருஷன் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். ஊர் ஆட்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு, இனி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நிற்கலாம் என்பது புரிந்து, முற்றம் முழுக்கப் பரவி நின்று பார்த்தார்கள்.

அவர்கள் கொடுத்த கேழ்வரகுக் களியைத் தின்றுவிட்டு, மூன்று மணி வாக்கில் கீழே இறங்கக் கிளம்பினார்கள். பொன்னுரங்கம் வண்டியின் பின்பக்கம் ஏறினார். நாற்காலியில் உட்காராமல், தெய்வானையின் மடியில் தலையை வைத்துப் படுத்தார். மிளகுக்கொடிகளைப் பார்த்தார், போகிற மேகத்தைப் பார்த்தார், அவள் மூக்குத்தியைப் பார்த்தார். முதல் வளைவு வருவதற்குள் அவர் கண்கள் மூடிவிட்டன.

கந்தவேல் வழக்கம்போல வளைவில் ஹார்ன் அடிக்கக் கையை வைத்தார். தெய்வானை கேபின் கண்ணாடியைத் தட்டினாள். "அடிச்சீங்கன்னா பாருங்க!"

"ஹார்ன் அடிக்காம இந்த மலையில எப்படிங்கக்கா இறங்கறது? எதுத்தாப்பல வண்டி வந்தா?"

பூபதி கீழே குதித்தான். விசிலைச் சட்டைப்பைக்குள் ஆழமாகத் தள்ளிவிட்டு, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்தான். வளைவைத் திரும்பிப் போய், எதிரே வந்த லாரியைத் துண்டை வீசி நிறுத்தி, வாயில் விரல் வைத்துக் காட்டினான். லாரிக்காரர் எஞ்சினை அணைத்தார். குட்டியானை அதைத் தாண்டி மெல்ல உருண்டு போனது. அடுத்த வளைவிலும் அவன் முன்னால் நடந்தான், அதற்கடுத்த வளைவிலும். அரைமணி நேரத்தில் பின்னால் இரண்டு வேன்கள், ஒரு ஜீப், அன்னாசி ஏற்றிய ஒரு டிராக்டர், மாலை டிரிப் மயிலாத்தா பஸ் எல்லாம் வரிசை கட்டிவிட்டன. யாரும் முந்தவில்லை, யாரும் ஹார்னைத் தொடவில்லை. முப்பத்தெட்டு வளைவுகளும் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாகக் கழிந்தன.

கடைசிக்கு முந்தின வளைவில், மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு கார்க்காரர், ஆளில்லாத சாலையில் துண்டோடு நடந்து வருகிறவனையும், ஊர்ந்து வரும் வண்டியையும், அதன் பின்னால் தலை குனிந்தது போல வரும் நீள வரிசையையும் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினார். இறங்கி, செருப்பைக் கழற்றி, கையைக் கூப்பியபடி பூபதியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யாரு தம்பி, தவறிட்டாங்களா?"

"இல்லீங்க," என்றான் பூபதி. "எங்க அண்ணன் தூங்கறாரு."